வாசலோடு திரும்பும் அன்பு

ஈப்போவிலிருந்து லூமுட் போகும் சாலையில் ஆயர் தாவாரைத் தாண்டுகிறவர்களுக்கு இருபுறமும் செம்பனைதான் தெரியும். அந்த இடத்தில் முன்பு பால்மரம் நின்றது. மரங்களுக்குள் தொழிலாளர் குடியிருந்த லயங்கள், லயங்களுக்கு நடுவே மாரியம்மன் கோயில், சில தோட்டங்களில் தகரக் கூரை போட்ட கத்தோலிக்கச் சிற்றாலயம். சாமியார் எப்போதாவது வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார்தான். யார் வீட்டில் காய்ச்சல், எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டது, எந்த வீட்டில் சம்பளம் கள்ளுக்கடையோடு போய்விட்டது, எல்லாம் அவருக்குத் தெரியும். அவரும் அதே லயத்தில் குடியிருந்தவர். உதவி கேட்டு யாரும் மனு எழுத வேண்டியிருக்கவில்லை.

பேராக்கில் கிறிஸ்துவர்கள் கட்டிய பள்ளிகளையும் கான்வென்டுகளையும் பற்றி வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆயர் தாவாருக்குப் பக்கத்திலேயே சித்தியவான் இருக்கிறது. 1903 செப்டம்பரில், வறுமையிலிருந்து தப்பி வந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பூச்சோ சீனர்களை மெதடிஸ்ட் போதகர்கள் லூரிங்கும் லிங் சிங் மீயும் அங்கே குடியமர்த்தினார்கள். நிலம் வாங்கிக் கொடுத்ததோடு அவர்கள் விலகிவிடவில்லை. கம்போங் கோவில் ஆலயமும் பள்ளியும் வந்தன. காட்டை வெட்டிக் காய்ச்சலில் விழுந்தவர்களோடு சபையும் கூடவே இருந்தது.

அதே சாலையில் ஈப்போ பக்கம் போனால் பப்பான். ஈயச் சுரங்கம் வற்றி, இன்று பாதி வீடுகள் காடாகிக் கிடக்கும் ஊர். அங்கே 74, மெயின் ஸ்ட்ரீட் என்ற கடைவீட்டில் சிபில் கார்த்திகேசு மருந்தகம் நடத்தினார். அவர் தாதி, பிரசவம் பார்க்கத் தெரிந்தவர், ஆழ்ந்த கத்தோலிக்கர். கணவர் டாக்டர் ஏ. சி. கார்த்திகேசு இலங்கைத் தமிழர் வழி வந்தவர். ஜப்பானியர் ஈப்போவை நெருங்கியபோது குடும்பம் பப்பானுக்கு இடம் மாறியது. டாக்டர் பின்னர் ஈப்போ கிளினிக்கைப் பார்க்கத் திரும்பினார், சிபில் பப்பானிலேயே தங்கிவிட்டார். பகலில் ஊர் மக்களுக்கு மருந்து, இரவில் பின்கதவு வழியாக வரும் ஜப்பானிய எதிர்ப்புக் கெரில்லாக்களுக்குச் சிகிச்சை. 1943-ல் கைது. ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பித்தாய் அவருடைய முதுகெலும்பைச் சிதைத்தது. சின்ன மகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுக் கீழே நெருப்பு மூட்டிய பிறகும் அவர் யாருடைய பெயரையும் சொல்லவில்லை. 1948 ஜூனில், பிரிட்டனில் சிகிச்சையில் இருந்தபோது இறந்தார். பிறகு ஈப்போவுக்குக் கொண்டுவரப்பட்டு, செயின்ட் மைக்கல் ஆலயத்தை அடுத்த கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவரை நாம் வீராங்கனை என்று கொண்டாடுகிறோம், ஜார்ஜ் பதக்கத்தைச் சொல்கிறோம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அந்தக் கடைவீடுதான். அவர் நோயாளிகள் இருந்த தெருவிலேயே குடியிருந்தார். எந்த நேரத்திலும் கதவைத் தட்டலாம் என்று ஊருக்குத் தெரிந்திருந்தது.

இன்றைக்கு அந்தக் கதவு எங்கே இருக்கிறது என்பதே என் கவலை. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, விற்கப்பட்டன, செம்பனைக்கு மாறின. வேலை முடிந்தால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டும். சேமநிதிப் பணம் ஒரு கல்யாணத்தில், ஒரு வைத்தியத்தில் கரைந்துபோனது. பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூருக்கும் போய்விட்டார்கள். மலிவு விலை அடுக்குமாடியில், யாருக்கும் தெரியாத ஐந்தாவது மாடியில், பேரப்பிள்ளையோடு ஒரு பாட்டி மிஞ்சியிருக்கிறார். சபைகளுக்கு மனம் வற்றவில்லை. கிறிஸ்துமஸுக்கு அரிசி, மைலோ, பிஸ்கட் டின் அடங்கிய கூடை தவறாமல் போகிறது. கூடையோடு ஒரு படமும் எடுக்கப்படுகிறது. பாட்டியின் முகம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. ஜனவரியில் அவருக்கு சர்க்கரை ஏறி மயக்கம் வந்தால் யாரை அழைப்பது?

சமூக நலம் அரசின் வேலை என்பவர்களும் உண்டு. உதவிக்குப் பின்னால் மதமாற்றம் இருக்கிறது என்ற சந்தேகமும் தோட்டப்புறத்தில் பழையது. இருக்கட்டும், தட்டினால் திறக்கும் கதவு ஒன்று வேண்டும் என்ற தேவை அதனால் குறைந்துவிடாது.

1833-ல் பாரிசில் தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபையின் அடிப்படைப் பழக்கம் ஒன்று உண்டு. இருவராகச் சேர்ந்து ஏழையின் வீட்டுக்கே போவது, உட்கார்ந்து பேசுவது, கண்டதை வெளியில் சொல்லாமல் இருப்பது, மறுபடியும் போவது. நல்ல சமாரியன் கதையிலும் அவன் சத்திரக்காரனிடம் காசைக் கொடுத்ததோடு நிற்கவில்லை, திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுத்தான் புறப்பட்டான். மறுபடி போகிறவருக்குத்தான் கூடையில் வைக்க முடியாத தேவை கண்ணில் படும். பேரனுக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை, அதனால் அடையாள அட்டையும் இல்லை, நாளைக்குச் சட்டப்படியான வேலையும் கிடைக்காது. அந்தக் குடும்பத்தோடு பதிவிலாகாக் கவுண்டருக்குப் போய், எண் எடுத்து, காத்திருந்து, பாரத்தை நிரப்பிக் கொடுக்க மலாய் எழுதத் தெரிந்த ஒருவர் வேண்டும். ஒருமுறை போனால் முடிகிற வேலையும் இல்லை அது.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். கட்டணத்துக்கு உதவி கிடைத்தாலும் போய்வரக் கார் வேண்டும், தளர்ந்து வருகிறவரின் கையைப் பிடித்து மாடி ஏற்ற ஆள் வேண்டும். இரண்டு முறை தவறினாலே உடம்பு வீங்கி மூச்சுத் திணறக்கூடும். ஆலய வளாகங்களில் ஞாயிறன்று ஆள் ஏற்றிவந்த வேன்கள் மற்ற நாட்களில் சும்மா நிற்கின்றன. லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் எல்லாச் சபையிலும் இருக்கிறார்கள். அடுத்த கிறிஸ்துமஸ் கூடைக்குப் பணம் திரட்டும் கூட்டத்தில், செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் அந்த வேன் ஓட எண்ணெய்க்கு எவ்வளவு ஆகும் என்பதையும் சேர்த்தே சபைகள் கணக்குப் போடட்டும்.