அட்டையிலிருந்து கணினிக்கு: நூலகங்களில் கைகோக்க வேண்டிய இரு தலைமுறைகள்

புது தில்லி: அட்டைப் பெட்டிகளில் நூல்களைத் தேடிய காலம் பெரும்பாலான பெரிய நூலகங்களில் முடிந்துவிட்டது. ஆனால், அந்த அட்டைகளை எழுதிப் பழகிய மூத்த ஊழியர்களும், கணினியோடு வளர்ந்த இளைஞர்களும் ஒரே கூரையின் கீழ்ப் பணிபுரியும் நிலை பல இடங்களில் தொடர்கிறது. இவ்விரு தரப்பினரையும் இணைத்து வேலை வாங்குவது நூலகர்களுக்குப் பெரும் சவாலாக உள்ளது.

தில்லி பொது நூலகம், யுனெஸ்கோ உதவியுடன் அமைக்கப்பட்டு 1951 அக்டோபரில் பிரதமர் நேருவால் திறந்து வைக்கப்பட்டது. அக்காலத்து நூலகங்கள் யாவும் கையெழுத்துப் பதிவேடுகளை நம்பியே இயங்கின. தில்லியில் 1988-ல் தொடங்கப்பட்ட டெல்நெட், நூலகங்களைக் கணினி வலையமைப்பில் இணைக்க முற்பட்டது. பின்னர், தேசிய தகவலியல் மையத்தின் இ-கிரந்தாலயா, நியூசிலாந்தில் உருவான கோஹா போன்ற மென்பொருள்கள் பரவின.

ஒருவருக்கு மூன்று பெயர்: பழைய அட்டைகளிலுள்ள விவரங்களைக் கணினியில் ஏற்றும்போதுதான் மூத்தவர்களின் அருமை புரிகிறது. ஹிந்தி எழுத்தாளர் பிரேம்சந்தின் இயற்பெயர் தன்பத் ராய். தொடக்க காலத்தில் உருதுவில் நவாப் ராய் என்ற பெயரில் எழுதினார். இது தெரியாமல் பதிந்தால், ஒருவரின் நூல்கள் மூவரின் நூல்களாகச் சிதறிவிடும். மூவரும் ஒருவரே என்பதை மூத்த ஊழியர் அறிவார். எந்தப் பெயரில் தேடினாலும் எல்லா நூல்களும் கிடைக்குமாறு மென்பொருளில் இணைக்க இளையவர் அறிவார்.

பிரிப்பது தீர்வல்ல: இளைஞர்களைக் கணினி முன்பும், மூத்தவர்களை நூலடுக்குகளிலும் நிறுத்துவது எளிது. அதனால் இரு தரப்பிலும் மனக்குறையே வளரும். தன்னைவிட இளையவரிடம் சந்தேகம் கேட்க மூத்தவர் கூசுகிறார். பல இடங்களில் ஒப்பந்த ஊதியத்தில் உள்ள இளைஞரோ, கணினி வேலை முழுவதும் தன் தலையில் விழுவதாகக் குமுறுகிறார்.

ஓர் அடுக்குக்கு மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர் எனப் பொறுப்பளித்து, இருவர் பெயரிலும் பணியைப் பதிவு செய்வதே பயன் தரும். தான் அறிந்த நூல்களைக் கொண்டே மூத்தவர் மென்பொருளைக் கற்பார். ஒரு நூலுக்கு இந்தப் பகுப்பு எண் ஏன் தரப்பட்டது என்பதை இளையவர் கற்பார். தவறுகளை வாசகர் முன்னிலையில் சுட்டாதிருப்பதும் அவசியம்.

சீர்காழியில் பிறந்து, தில்லி பல்கலைக்கழகத்தில் நூலகவியல் கற்பித்த எஸ்.ஆர். ரங்கநாதன், 1931-ல் வெளியிட்ட தமது ஐந்து விதிகளில் நூலகத்தை வளரும் உயிரியாகக் கண்டார். அந்த வளர்ச்சி ஊழியர்களுக்கும் பொருந்தும். மத்திய அரசுப் பணியில் ஓய்வு வயது 60. அதற்குள் கேட்டுப் பதிந்துகொள்ளாத விவரம், மூத்தவர் விடைபெறும் நாளில் அவருடனேயே போய்விடும்.