கண்ணாடியிழைப் படகின் பின்சுவர் பழுதுநீக்கம்

கண்ணாடியிழைப் படகின் பின்முனையைக் குறுக்காக மூடி நிற்கும் செங்குத்துச் சுவர் பின்சுவர் அல்லது டிரான்சம் எனப்படுகிறது. அவுட்போர்டு மோட்டார் இதன் மேல்தான் பொருத்தப்படுகிறது. பழைய படகுகளில் இச்சுவரின் உள்ளே இருக்கும் மரம் மக்கிப்போவது பரவலாகக் காணப்படும் பழுது ஆகும்.

பின்னணி

தமிழகக் கடற்கரையில் மக்கள் ‘பைபர் படகு’ என்று அழைக்கும் இப்படகுகள், 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணமாகப் பெருமளவில் வழங்கப்பட்டன. இலங்கையின் வடக்கில் காரைநகரில் நோர்வே உதவியுடன் தொடங்கப்பட்ட சீநோர் நிறுவனமும் இத்தகைய படகுகளைக் கட்டியது. கண்ணாடியிழை துருப்பிடிக்காது, கரையான் அரிக்காது என்பதால் படகு முழுவதுமே கெடாதது என்ற எண்ணம் உண்டு. ஆனால் பின்சுவரின் வலிமை பெரும்பாலும் உள்ளிருக்கும் மரத்தைச் சார்ந்தது.

அமைப்பும் காரணமும்

இரண்டு கண்ணாடியிழைத் தோல்களுக்கு நடுவே ஏறத்தாழ 35 முதல் 50 மி.மீ. தடிமனுள்ள ஒட்டுப்பலகை வைக்கப்படுகிறது. 9.9 குதிரைத்திறன் மோட்டார் ஒன்றின் எடை ஏறத்தாழ 40 கிலோ. எடையைவிட, நீருக்கடியில் சுழலும் விசிறியின் உந்துவிசை நெம்புகோல்போலச் செயல்பட்டுச் சுவரை வளைப்பதே பெரிய சுமை.

மோட்டார் போல்ட் துளைகள், நீர்வடி துளை, மூடப்படாத மேல்விளிம்பு ஆகியவற்றின் வழியே நீர் உள்ளே புகுகிறது. இரு தோல்களுக்கு இடையே சிக்கிய ஈரம் எளிதில் வெளியேறாது. மரத்தின் ஈரப்பதம் 20 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் பூஞ்சை வளரும் வாய்ப்பு உண்டாகிறது. வெளித்தோல் பளபளப்பாக இருக்கும்போதே உள்மரம் கூழாகிவிடலாம். நடுக்கடலில் சுவர் பிளந்தால் மோட்டார் கழன்று விழும். அந்த இடத்தின் வழியே அலை உள்ளே ஏறிப் படகு மூழ்கவும் கூடும்.

கண்டறிதல்

- மோட்டாரின் கீழ்ப்பகுதியைப் பிடித்து அசைத்தால் சுவர் வளைந்து கொடுக்கும்.
- சுத்தியலால் மெல்லத் தட்டினால் நல்ல இடத்தில் கணீரென்ற ஒலியும், மக்கிய இடத்தில் மந்தமான ஒலியும் எழும்.
- மூலைகளில் விரிசலும் துளைகளில் பழுப்பு நீர்க் கசிவும் தெரியும்.
- உட்புறத்தில் 5 மி.மீ. துளையிட்டால் வெளிவரும் தூள் கறுத்து ஈரமாக இருக்கும்.

பழுதுநீக்கும் முறை

1. மோட்டாரைக் கழற்றி, படகின் வடிவம் கோணாதபடி சமமாக முட்டுக்கொடுக்க வேண்டும்.
2. வெளித்தோலை விட்டுவிட்டு, ஓரத்தில் 50 மி.மீ. விளிம்பு நிற்குமாறு உட்தோலை அறுத்தெடுக்க வேண்டும்.
3. மக்கிய மரம் முழுவதையும் உளியால் நீக்க வேண்டும். ஈரமான மரத்துக்குள் ரெசின் ஊறாது என்பதால், துளையிட்டு ரெசின் ஊற்றுவதோ மேலே மேட் ஒட்டி மறைப்பதோ நிலைக்காது.
4. உட்பரப்பைத் தேய்த்து, நன்றாக உலரவிட வேண்டும்.
5. அட்டையில் அளவெடுத்து, ஐ.எஸ். 710 தரக் கடல்சார் ஒட்டுப்பலகையை 18 மி.மீ. வீதம் இரண்டு அடுக்காக வெட்டி ஒட்ட வேண்டும். விளிம்புகள் உட்பட எல்லாப் பக்கமும் ரெசின் பூச வேண்டும்.
6. கெட்டியாக்கிய ரெசின் பசையை வெளித்தோலின் உட்புறம் தடவி, காற்று இடைவெளியின்றிப் பலகையை அழுத்திக் கட்ட வேண்டும்.
7. மூலைகளைப் பசையால் வளைவாக நிரப்பி, மேட்டையும் ரோவிங்கையும் மாறி மாறிப் படியவைக்க வேண்டும். இவை அடித்தளத்தின் மீதும் பக்கச் சுவர்களின் மீதும் ஏறத்தாழ 150 மி.மீ. படர வேண்டும், மோட்டாரின் விசை படகுடலுக்குப் பரவுவது இதனால்தான்.
8. போல்ட் துளைகளைப் பெரிதாக இட்டு, எப்பாக்சியால் நிரப்பி, இறுகியபின் சரியான அளவில் மீண்டும் துளையிட வேண்டும். இதனால் போல்ட்டைச் சுற்றிக் கசியும் நீர் மரத்தை எட்டாது.

ரெசின் தேர்வும் பாதுகாப்பும்

பாலியெஸ்டர் ரெசின் மலிவானது. எப்பாக்சி விலை கூடியது. ஆயினும் மரத்தையும் பழைய கண்ணாடியிழையையும் அதிக உறுதியாகப் பற்றுகிறது. எப்பாக்சியைப் பயன்படுத்தும்போது நெய்த துணியே ஏற்றது. சாதாரண மேட்டின் பிணைபொருள் அதில் சரியாகக் கரையாது.

பாலியெஸ்டர் ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 கிராம் கேட்டலிஸ்ட் சேர்ப்பது வழக்கம். வெயில் நேரத்தில் குறைந்த அளவே போதும். கேட்டலிஸ்ட்டையும் கோபால்ட் ஆக்சிலரேட்டரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிய பின்பே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்க வேண்டும். தேய்க்கும்போது முகமூடி, கண்ணாடி, கையுறை தேவை. வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய உலர்ந்த மாதங்கள் இப்பணிக்கு ஏற்றவை.

உள்நாட்டு நீர்நிலைகளில்

ஆயக்குடி, பழனி வட்டாரத்தில் வரதமாநதி, பாலாறு–பொருந்தலாறு, குதிரையாறு அணைகள் உள்ளன. தமிழக நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்கப் பயன்படும் பரிசல் வட்டமானது. அதற்குப் பின்சுவர் இல்லாததால் இப்பழுதும் இல்லை. கொடைக்கானல் ஏரியின் துடுப்புப் படகுகளில் மோட்டார்ச் சுமை இல்லை. எனினும் மரத்தை உள்ளே வைத்துக் கட்டிய எந்தக் கண்ணாடியிழைப் படகிலும், துளையிட்ட இடத்தை அடைக்காமல் விட்டால் மரம் மக்கும்.