பிரசவத்துக்குத் துணை போவோம்!

எங்கள் மாடி போர்ஷனில் குடியிருக்கும் பெண்ணுக்கு இது தலைப்பிரசவம். தாய் வீடு தேனிப் பக்கம். அம்மா கால் முறிந்து படுக்கையில் இருந்ததால் ஊருக்குப் போக வழியில்லை. கணவருக்கு ஒரகடம் சிப்காட்டில் ஷிப்ட் வேலை. அவர் நைட் ஷிப்ட் போன பிறகு வலி எடுத்துவிட்டது.

"அக்கா, நீங்க கூட வாங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். நான் வெளியே பெஞ்சில் உட்காரப் போனேன். நர்ஸம்மாவோ, "உங்களுக்குப் பிரசவ அனுபவம் இருக்கா? சளி, காய்ச்சல் இல்லையே? அப்ப உள்ளே வந்து கூடவே இருங்க" என்றார்.

எனக்கு ஒரே ஆச்சரியம்! 2001-ல் என் மகள் பிறந்தபோது, என் அம்மாவைக் கதவுக்கு வெளியே நிறுத்திவிட்டார்கள். உள்ளே தனியாகக் கிடந்து அழுத எனக்கு, வலியைவிடத் தனிமைதான் கொடுமையாக இருந்தது.

நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. இடுப்பை நீவிவிட்டேன். நர்ஸம்மா சொன்னபடி மெல்ல நடக்க வைத்தேன். வாய் உலர்ந்தபோது, அவரைக் கேட்டுக்கொண்டு தண்ணீர் கொடுத்தேன். "முடியல அக்கா, ஆபரேஷன் பண்ணிடச் சொல்லுங்க" என்று கதறினாள். "இவ்வளவு தூரம் வந்துட்டே, இன்னும் கொஞ்சம்தான் கண்ணு, மூச்சை இழுத்து விடு" என்றேன். விடியற்காலையில் சுகப்பிரசவம்! குழந்தைக்கு உடனே பால் கொடுக்கவும் உதவினேன். ஷிப்ட் முடிந்து ஓடி வந்த கணவருக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் மகள் இதைப் பற்றிப் படித்துச் சொன்னாள். தமிழக அரசு ஆஸ்பத்திரிகளில் 2004-லேயே இந்தத் திட்டம் வந்துவிட்டதாம். 2016-ல் மத்திய அரசும் நாடு முழுக்க அனுமதித்தது. 17 நாடுகளில், 15,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடந்த 26 ஆய்வுகளின் தொகுப்பு 2017-ல் வெளியானது. பிரசவம் முழுக்க ஒருவர் துணையிருந்தால் சுகப்பிரசவம் கூடுகிறது, சிசேரியன் குறைகிறது, வலி நேரமும் சற்றுக் குறைகிறது என்கிறது அது. வெளிநாடுகளில் இதற்கென்றே பயிற்சி பெற்ற 'டூலா' என்ற பெண்களைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள். நம் பாட்டி காலத்தில் அக்கம்பக்கத்துப் பெண்கள் சம்பளமில்லாமல் செய்த வேலைதானே இது!

ஒன்று மட்டும் முக்கியம். துணை போகிறவர் வைத்தியத்தில் தலையிடக் கூடாது. டாக்டர் ஆபரேஷன் தேவை என்றால், தைரியம் சொல்வதுதான் நம் வேலை. ஆபரேஷன் ஆனால் அது யாருடைய தோல்வியும் அல்ல.

சகோதரிகளே, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் பிழைக்க வந்து, தாய் வீடு எட்டாத தூரத்தில் இருக்கும் பெண்கள் எத்தனையோ பேர். உங்கள் தெருவிலும் ஒருத்தி இருப்பாள். ஏழாம் மாதமே, "யாரும்மா உனக்குத் துணை?" என்று கேளுங்கள். செக்கப்புக்குப் போகும்போது, துணைக்கு ஆள் விடுவார்களா என்று ஆஸ்பத்திரியிலும் விசாரித்து வையுங்கள். யாரும் இல்லையென்றால் நீங்களே போங்கள். ஒரு ராத்திரித் தூக்கம்தானே போகும்!

- ஒரு வாசகி, ஒரகடம்.