மாகாணத்துக்கு ஒரு பல்கலைக்கழகம்: ஜப்பானின் ஹிரோசாகி எதற்காக இருக்கிறது?

ஜப்பானின் பெருந்தீவான ஹோன்ஷுவின் வடகோடியில் இருக்கிறது அவோமோரி மாகாணம். அங்கே 1,625 மீட்டர் உயரமுள்ள இவாகி மலையின் அடிவாரத்தில், ஆண்டுதோறும் கோடையின் தொடக்கத்தில் சுமார் பத்து நாட்கள் ஒரு மருத்துவப் பரிசோதனை முகாம் நடக்கிறது. ஆயிரம் பேர் அளவில் வந்து கலந்துகொள்கிறார்கள். இவர்கள் மருத்துவமனையைத் தேடி வந்த நோயாளிகள் இல்லை. அன்றாட வேலைகளைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஊர் மக்கள். ரத்தம், பல், எலும்பு, குடல் நுண்ணுயிர்கள், நினைவாற்றல், தூக்கம், சாப்பாடு என ஒவ்வொருவரைப் பற்றியும் 2,000-க்கும் மேற்பட்ட விவரங்கள் பதிவாகின்றன. 2005-இல் தொடங்கிய இந்தப் பணியை நடத்துவது, அதே மாகாணத்தில் இருக்கும் ஹிரோசாகி பல்கலைக்கழகம்.

ஏன் அந்த ஊரில் இந்த முகாம்? ஜப்பானில் மக்களின் ஆயுள் மிகக் குறைவாக இருக்கும் மாகாணம் அவோமோரிதான். 2020 கணக்குப்படி அங்கே ஆண்களின் சராசரி ஆயுள் 79.27 ஆண்டுகள். முதலிடத்தில் இருக்கும் ஷிகா மாகாணத்தில் அது 82.73. உப்பு மிகுந்த உணவு, புகை, மது, பனியில் முடங்கும் நீண்ட குளிர்காலம், நோய் முற்றிய பிறகே மருத்துவரிடம் போகும் வழக்கம் ஆகியவை காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. பேராசிரியர் ஷிகெயுகி நகாஜி முன்னின்று தொடங்கிய இந்த முகாம், ஊரின் துயரத்தையே ஆய்வின் பொருளாக எடுத்துக்கொண்டது. நல்ல உடல்நிலையில் இருந்தவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பதிவு செய்ததால், நோய் வருவதற்கு முன்பே உடலில் என்னென்ன மாறுகிறது என்பதை ஆராய அரிய தரவு சேர்ந்திருக்கிறது.

பிறந்த கதை

இரண்டாம் உலகப் போர் வரை ஜப்பானின் உயர்கல்வி ஒரு கூம்பு போல இருந்தது. அதன் உச்சியில் டோக்கியோ, கியோட்டோ தொடங்கி ஒசாகா, நகோயா வரை ஏழு பேரரசுப் பல்கலைக்கழகங்கள். பெரும்பாலான மாகாணங்களில் பல்கலைக்கழகமே கிடையாது. போருக்குப் பின் நடந்த கல்விச் சீர்திருத்தத்தில், பெருநகரங்கள் உள்ள சில மாகாணங்கள் தவிர மற்ற இடங்களில் மாகாணத்துக்கு ஒரு தேசியப் பல்கலைக்கழகம் என்ற கொள்கை வகுக்கப்பட்டது. 1949 மே மாதம் புதிய முறையின் கீழ் 69 தேசியப் பல்கலைக்கழகங்கள் உருவாயின.

ஹிரோசாகி அவற்றில் ஒன்று. நாவலாசிரியர் ஒசாமு தசாய் படித்த பழைய ஹிரோசாகி உயர்பள்ளி, ஆசிரியர் பயிற்சிப் பள்ளிகள், மருத்துவக் கல்வி நிலையங்கள் ஆகியவற்றை இணைத்து அது உருவாக்கப்பட்டது. இவற்றில் மருத்துவப் பள்ளிக்குத் தனிக் கதை உண்டு. 1944-இல் அவோமோரி நகரில் தொடங்கிய அது, அடுத்த ஆண்டு ஜூலையில் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்தது. அதன் பிறகே ஹிரோசாகிக்கு வந்து சேர்ந்தது.

இப்படி அவசரமாக ஒட்டவைத்த பல்கலைக்கழகங்களைப் பலர் மதிக்கவில்லை. விமர்சகர் சோயிச்சி ஓயா இவற்றுக்கு ‘எகிபென் பல்கலைக்கழகங்கள்’ என்று பெயர் வைத்தார். எகிபென் என்பது ரயில் நிலையங்களில் விற்கும் சாப்பாட்டுப் பொட்டலம். பொட்டலம் விற்கும் ஊரிலெல்லாம் ஒரு பல்கலைக்கழகம் முளைத்துவிட்டது என்பது அவருடைய கேலி.

மண்ணிலிருந்து வந்த ஆய்வு

அந்தக் கேலிக்குப் பல்கலைக்கழகம் தன் வேலையால் பதில் சொன்னது. ஜப்பானின் ஆப்பிளில் ஏறக்குறைய 60 சதவீதம் அவோமோரியில் விளைகிறது. உலகமெங்கும் விற்கும் ‘ஃபூஜி’ ஆப்பிள், ஹிரோசாகிக்குப் பக்கத்திலுள்ள ஃபுஜிசாகியில் இருந்த அரசு ஆய்வு நிலையத்தில் உருவானது. 1939-இல் இரு வகைகளைக் கலப்பினச் சேர்க்கை செய்து பெற்ற அந்த வகைக்கு 1962-இல் பெயர் சூட்டினார்கள். ஆய்வு நிலையம் வேறிடம் போன பிறகு அந்த நிலம் பல்கலைக்கழகத்தின் பண்ணையானது. தோலைப் போலவே சதையும் சிவந்திருக்கும் ‘குரெனாய் நோ யுமெ’ என்ற ஆப்பிள் வகையைப் பல்கலைக்கழகம் அங்கே உருவாக்கியது.

இன்னொரு கண்டுபிடிப்பு அடுக்களையிலிருந்து வந்தது. மூட்டுக் குருத்தெலும்பில் நீரைப் பிடித்துவைக்கும் ‘புரோட்டியோகிளைக்கன்’ என்ற பொருளைப் பிரித்தெடுப்பது நெடுங்காலம் கடினமாகவும் பெருஞ்செலவாகவும் இருந்தது. சால்மன் மீனின் மூக்குக் குருத்தெலும்பை வினிகரில் ஊறவைத்துச் சாப்பிடுவது அப்பகுதி வழக்கம். அதிலிருந்து குறிப்பெடுத்த பேராசிரியர் கெய்ச்சி தகாகாகி, வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்தைக் கொண்டே புரோட்டியோகிளைக்கனைப் பிரிக்கும் வழியைக் கண்டார். வீணாகப் போன மீன் தலைகள் அழகுப் பொருட்களுக்கும் சத்துணவுகளுக்கும் மூலப்பொருளாயின.

இது ஹிரோசாகியின் கதை மட்டும் இல்லை. நீல எல்.இ.டி.க்காக 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான ஷுஜி நகமுரா, தோகுஷிமா பல்கலைக்கழகத்தில் படித்தவர். ஒட்டுண்ணி நோய்களுக்கான மருந்துக்காக 2015-இல் மருத்துவ நோபல் பெற்ற சதோஷி ஓமுரா, யமனாஷி பல்கலைக்கழகத்தின் மாணவர். இரண்டுமே மாகாணத் தேசியப் பல்கலைக்கழகங்கள்.

எண்ணிக்கையும் பணமும்

ஜப்பானில் சுமார் 800 பல்கலைக்கழகங்கள் உள்ளன. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு மாணவர்கள் தனியார் பல்கலைக்கழகங்களில் படிக்கிறார்கள். அவை பெரும்பாலும் பெருநகரங்களைச் சுற்றியே குவிந்திருக்கின்றன. தேசியப் பல்கலைக்கழகங்களோ 47 மாகாணங்களிலும் இருக்கின்றன. அவற்றுக்கு அரசு வகுத்த அடிப்படை ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென். தலைநகரானாலும் பனிநாடானாலும் அதுவே அளவுகோல். டோக்கியோவில் அறை வாடகைக்கு வழியில்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு, வீட்டிலிருந்தே போய் மருத்துவமோ பொறியியலோ படிக்க இந்த ஏற்பாடுதான் வழி.

2004-இல் தேசியப் பல்கலைக்கழகங்கள் தனிச் சட்ட அமைப்புகளாக மாற்றப்பட்டன. அன்று முதல் 2024 வரை அவற்றுக்கு அரசு மொத்தமாகத் தரும் நடப்புச் செலவு மானியம் சுமார் 13 சதவீதம் குறைந்துவிட்டது. 2016 முதல் அரசு இவற்றை மூன்று வகையாகப் பிரித்தது. அப்போதிருந்த 86-இல் வட்டாரப் பணியை முதன்மையாகக் கொண்ட முதல் வகையில் 55 பல்கலைக்கழகங்கள் சேர்ந்தன. பெரும் ஆய்வு நிதி, உலகத் தரவரிசையில் மோதும் சில பல்கலைக்கழகங்களை நோக்கியே பாய்கிறது. 2024 ஜூனில் தேசியப் பல்கலைக்கழகங்களின் சங்கம், இனித் தாங்க முடியாது என்று வெளிப்படையாகவே அறிக்கை விட்டது.

மாணவர்களும் குறைகிறார்கள். 1992-இல் 20 லட்சத்தைத் தாண்டியிருந்த 18 வயதினரின் எண்ணிக்கை இன்று 11 லட்சத்துக்கும் கீழே. ஆகவே சில பல்கலைக்கழகங்களை இணைக்கலாம், சுருக்கலாம் என்ற பேச்சு ஜப்பானில் வலுக்கிறது.

செலவுக் கணக்கு மட்டும் பார்த்தால் அந்தப் பேச்சில் நியாயம் இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் ஒரு மாகாணப் பல்கலைக்கழகத்தை அளக்கும் கோல், அது இருப்பதால் அந்த ஊரில் நடக்கும் வேலைதான். இவாகி மலையடிவாரத்து மக்களின் ரத்த அழுத்தத்தை இருபது ஆண்டுகள் தொடர்ந்து குறித்துவைக்கும் பொறுமை, அவர்களோடு அதே பனியில் வாழ்பவர்களுக்கே வரும். அவோமோரி மாகாணத்தில் மருத்துவர்களை உருவாக்கும் பல்கலைக்கழகம் ஹிரோசாகி ஒன்றுதான். அது மெலிந்தால், அந்த வேலையை எடுத்துச் செய்ய அந்த மாகாணத்தில் இன்னொன்று இல்லை.