வரியிறுதியில் முறியும் சொற்கள்

திருமலைக் கோயிற் சுவர்களில் நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தமிழில் அமைந்தவை. தேவஸ்தானத்தார் அவற்றைப் படியெடுத்து 1930-களில் தொகுதி தொகுதியாக அச்சிட்டனர். சித்தூர் மாவட்டத்திலும், 2022 ஏப்ரலில் உருவான திருப்பதி மாவட்டத்திலும் தமிழ்ச் சாசனங்களைக் கொண்ட பழங்கோயில்கள் வேறு பலவும் உண்டு. இத்தகைய சாசனங்களைக் கணிப்பொறியில் ஏற்றும் களப்பணியாளரும், மாணவரைக் கொண்டு உள்ளூர்க் கல்வெட்டைப் படியெடுக்கும் ஆசிரியரும் விரைவில் ஓர் இடரை எதிர்கொள்வர்: வரி முடியுமிடத்தில் சொல் முடிவதில்லை.

கல்லில் எழுத்து வெட்டியோர் பொதுவாகச் சொற்களுக்கிடையே இடம் விடுவதில்லை. கல்லின் விளிம்பு வந்ததும் சொல்லை அவ்விடத்திலேயே நிறுத்தி, அடுத்த வரியில் தொடர்ந்தனர். முறிவைக் காட்டச் சிறுகோடு இடுவதும் அவர்கள் வழக்கமன்று. படிப்போர் தம் மொழியறிவால் சொல்லைக் கூட்டிக்கொண்டனர். கணிப்பொறிக்கு அதனைக் குறியால் உணர்த்த வேண்டும்.

‘திருவேங்கடமுடையான்’ என்னும் பெயர் ‘திருவேங்கடமுடை’ என ஒரு வரியிலும், ‘யான்’ என மறு வரியிலும் முறிந்துள்ளதாகக் கொள்வோம். 2004-இல் ஜான் குரூபர் வெளியிட்ட மார்க்டவுன் போன்ற எளிய குறியீட்டு முறைகளில், பத்திக்குள் வரும் வரிமுறிவு வெற்றிடமாகக் கொள்ளப்படும். எனவே பெயர் இரண்டு துண்டுகளாகும். முழுப்பெயரைத் தேடுவோர்க்கு அச்சாசனம் அகப்படாது. வரியிறுதியில் சிறுகோடு இட்டாலும் ‘திருவேங்கடமுடை- யான்’ என்றே வந்து நிற்கும்.

வரியிறுதிகளையெல்லாம் இடமின்றி ஒட்டிவிடுவது இதற்குத் தீர்வாகாது. ‘இரண்டு மா’ என்று ஒரு வரி முடிந்து, ‘நிலம்’ என்று அடுத்த வரி தொடங்கினால், வேலியில் இருபதில் ஒரு பங்கைக் குறிக்கும் அளவு மறைந்து ‘மாநிலம்’ பிறந்துவிடும். கோயிலுக்குக் கொடுத்த நிலம் எவ்வளவு என்பதே பல சாசனங்களின் உயிர்நிலையாதலின், இதனைச் சிறு பிழையென்று ஒதுக்குவதற்கில்லை. சிறுகோட்டோடு முடியும் வரிகளை மட்டும் ஒட்டுமாறு பணித்தாலும், அடிக்குறிப்பில் ‘1513-’ என்று முடிந்து ‘14’ என்று தொடரும் ஆண்டு ‘151314’ ஆகிவிடும். விசைப்பலகையிலுள்ள ஒரே கோடு இருவேறு பணிகளைச் செய்வதால் விளைவது இது.

பழைய நூல்களை மின்னுரையாக்கும் தன்னார்வலர் குழுவினர் சிலர், ஐயத்துக்கிடமான வரியிறுதிக் கோட்டுக்குப் பின் ஓர் உடுக்குறியை இட்டு, முடிவைப் பின்னர் ஆராய விட்டுவிடுகின்றனர். கல்வெட்டுக்கு இதனினும் ஏற்ற முறை, கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளைப் பதிப்போர் கையாளும் ‘லெய்டன் பிளஸ்’ ஆகும். 1931-இல் லெய்டன் நகரில் வகுத்த பதிப்புக் குறிகளின் வழிவந்தது இது. இதில் குறி வரியிறுதியில் வருவதில்லை. தொடரும் வரியின் எண்ணோடு வருகிறது. ‘2.’ என்றால் புதிய சொல், ‘2.-’ என்றால் முந்திய வரிச்சொல்லின் தொடர்ச்சி. உரையின் எழுத்துகளோடு இக்கோடு கலப்பதில்லையாதலால், தேடும்போது நீக்குவதும், கல்லின் வரியமைப்பை அப்படியே காட்டுவதும் எளிது.

அச்சுத் தொகுதியிலிருந்து படியெடுப்போர்க்கு இன்னொரு வேறுபாடும் தெரிந்திருத்தல் வேண்டும். தாளின் அகலத்தால் நேர்ந்த முறிவு வேறு. கல்லின் முறிவு வேறு. முன்னதை நீக்கிச் சொல்லைச் சேர்த்துவிடலாம். பின்னது சான்று: சிதைந்த வரியில் எத்தனை எழுத்துகள் இருந்திருக்கக்கூடும் என்பதைப் பிற வரிகளின் நீளத்தைக் கொண்டே கணிக்கின்றனர். கண்ணுக்குப் புலப்படாத ‘மென்கோடு’ என்னும் குறியும் கணிப்பொறியில் உண்டு. அது பக்கம் கோப்போர்க்கு உரியது. படியில் நுழைந்தால் கண்டுபிடிப்பது அரிது.

சில வேளைகளில் எழுத்தே முறிவதுண்டு. ‘கொ’ என்பதன் கொம்பு வரியிறுதியிலும், ககரமும் காலும் அடுத்த வரித் தொடக்கத்திலும் நிற்கும். ஒருங்குறியில் உயிர்மெய்க்குறி மெய்யெழுத்துக்குப் பின்னரே பதிவாகிறது. ஆதலின் கொம்பை முன்வரியில் தனித்து நிறுத்த இயலாது. அவ்விடத்தில் எழுத்து முழுவதையும் ககரம் நிற்கும் வரியில் எழுதி, கொம்பு மேல்வரியில் உள்ளதென்று அடிக்குறிப்பில் காட்டுதல் நலம்.