அணை ஏறும் மீன்களைத் தெரியுமா?

மீனுக்குப் படிக்கட்டு கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், தெரியுமா? அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில், 1938-ல் எழுந்த பானவில் அணையில்! கடலில் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் பிறந்த ஓடையைத் தேடி வரும் சால்மன், படிப்படியாக உயரும் தொட்டிகளில் எதிர்நீச்சல் போட்டு அணையைத் தாண்டுகிறது. வழியில் ஒரு கண்ணாடி ஜன்னல். அதன் பின்னால் உட்கார்ந்து, போகிற மீன்களை இனம் பார்த்து எண்ணுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள்!

ஐடஹோ மாநிலத்தின் ரெட்ஃபிஷ் ஏரிக்குப் போகும் சாக்கை சால்மனுக்குச் சுமார் 1,450 கி.மீ. பயணம். குறுக்கே எட்டு அணைகள். ஏறக்குறைய 2,000 மீட்டர் ஏற்றம். ஆற்றுக்குள் நுழைந்தபின் இரையே எடுக்காது. உடம்பில் சேர்த்த கொழுப்புதான் கட்டுச்சோறு. 1992-ல் அந்த ஏரிக்கு வந்து சேர்ந்தவை எத்தனை? ஒன்றே ஒன்று!

குஞ்சுகள் கடலுக்குப் போகும் அழகே தனி. பெரும்பாலும் வாலை முன்னே விட்டு, பின்பக்கமாகவே மிதந்து போகும். கொலம்பியாவின் துணையாறான ஸ்னேக் ஆற்றின் அணைகளில் அவற்றைப் பிடித்து, படகிலும் லாரியிலும் ஏற்றிக் கீழே கொண்டுபோய் விடுகிறார்கள்.

எல்லாவற்றையும் விட என்னை அசத்தியது பசிபிக் லாம்ப்ரே. விலாங்கு மாதிரி உடம்பு, வட்ட வாய், தாடையே கிடையாது. டைனோசருக்கும் முந்திய வம்சம். வாயால் பாறையை உறிஞ்சிப் பிடிக்கும், உடம்பைச் சுருக்கி ஓர் உந்து உந்தும், மறுபடி ஒட்டிக்கொள்ளும். அருவியின் ஈரப்பாறையில் அப்படியே மேலே ஏறிவிடும்! அப்பேர்ப்பட்ட மீன், சால்மனுக்காகக் கட்டிய படிக்கட்டில் திணறியது. நீரின் வேகம் தாங்கவில்லை. கான்கிரீட்டின் கூரான விளிம்பில் வாய் ஒட்டவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? விளிம்புகளை மழுக்கினார்கள். மெல்லிதாக நீர் வழியும் உலோகச் சாய்வுப் பாதைகளைத் தனியாகப் போட்டார்கள். வேலை சின்னதுதான்; ஆனால் அந்த மீன் ஏறுவதைப் பொறுமையாகக் கவனித்தவர்களுக்கே அது தோன்றும்.

கொலம்பியா ஆற்றிலேயே உள்ள கிராண்ட் கூலி அணையில் படிக்கட்டே இல்லை. அது எழும்பியபோது, மூழ்கப்போகும் கெட்டில் அருவியருகே 1940 ஜூனில் பழங்குடி மக்கள் திரண்டு, சால்மனுக்காக அழுது விடைகொடுத்தார்கள். 2019-ல் கோல்வில் பழங்குடியினர் சால்மன்களை லாரியில் கொண்டுவந்து, அந்த அணைக்கு மேலே ஆற்றில் விட்டார்கள்.