பி.டி. பீரியடில் யாருக்கு இடம்?

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் உடற்கல்விக் கல்லூரியும் உண்டு, சிறப்புக் கல்வித் துறையும் உண்டு. இந்த இரண்டு படிப்பும் கைகோக்க வேண்டிய இடம் பள்ளி மைதானம்.

ஆனால் சக்கர நாற்காலியில் வரும் பிள்ளைக்கு அங்கே பல நேரம் வேடிக்கை பார்க்கும் வேலைதான். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, விளையாட்டு வாய்ப்பையும் மற்றவர்களுக்குச் சமமாகத் தரச் சொல்கிறது (பிரிவு 16).

அதே 2016-இல், ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் உயரம் தாண்டித் தங்கம் வென்றார் சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு. ஐந்து வயதில் பேருந்து ஏறி வலது கால் சிதைந்தது. உயரம் தாண்டிப் பார்க்கச் சொன்னவர் பள்ளி உடற்கல்வி ஆசிரியர். 14 வயதில், உடற்குறை இல்லாதவர்களோடு மோதி இரண்டாம் இடம் பிடித்தார். பிறகு டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம்.

விதியைக் கொஞ்சம் மாற்றினாலே வகுப்பு முழுவதும் ஆடலாம். ஆண்கள் வாலிபால் வலையின் உயரம் 2.43 மீட்டர், உட்கார்ந்து ஆடும் வாலிபாலில் 1.15 மீட்டர்தான். வலையை இறக்கிக் கட்டி, எல்லோரும் தரையில் உட்கார்ந்தால் ஆட்டம் தயார்.

பார்வையற்றோருக்கான கோல்பாலில் பந்துக்குள் மணி ஒலிக்கும். ஆடுபவர் அனைவரும் கண்ணை மறைத்துக்கொள்வார்கள். பார்வையுள்ள மாணவர்களும் அதே விதியில் சேர்ந்து ஆடலாம்.